உரம் போட்டால் சாகும், எரிந்தால் துளிர்க்கும்: தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா பூவை வளர்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பைத் தென்னாப்பிரிக்கா வென்றது. ‘புரோட்டீஸ் ஜெயிச்சிட்டாங்கப்பா’ என்று நம்ம டைம்லைன் முழுக்க அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். 1998-க்குப் பிறகு கிடைத்த முதல் ஐ.சி.சி. கோப்பை, ‘சோக்கர்ஸ்’ பட்டத்துக்கு முடிவு, பவுமாவின் கேப்டன்சி என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டோம். அந்த அணியின் பெயரிலும் சட்டையிலும் இருக்கிற பூவைப் பற்றி மட்டும் பெரிதாக யாரும் பேசவில்லை.

லோகோவில் அதைப் பார்த்துவிட்டுத் தாமரை என்று நினைத்தவர்கள் உண்டு. அன்னாசிப்பழம் என்று நினைத்தவர்களும் உண்டு. (இரண்டாவது கட்சியில் நானும் இருந்தேன்.) அது புரோட்டியா. தென்னாப்பிரிக்காவின் தேசியப் பூ. தோட்டக்கலையில் நாம் நல்லது என்று நம்பிச் செய்கிற பாதி விஷயங்களைச் செய்தால் இந்தச் செடி செத்துப்போகும்.

முதலில், இது ஒரே பூவா?

இல்லை. பேப்பர் பூ என்று நாம் சொல்கிற போகன்வில்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கலர் கலராக இருப்பவை இதழ்கள் கிடையாது, நிறம் மாறிய இலைகள். உள்ளே வெள்ளையாகக் குட்டியாக இருப்பதுதான் நிஜப் பூ. புரோட்டியாவிலும் அதே கதைதான். வெளியே கிரீடம் மாதிரி நிற்பவை பூவடிச் செதில்கள். நடுவில் கூம்பாக, பஞ்சு மாதிரித் தெரிவது நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்களின் கூட்டம்.

இந்த இனத்தில் மிகப் பெரியது ‘கிங் புரோட்டியா’. ஒரு பூத்தலை 30 சென்டிமீட்டர் அகலம் வரை விரியும், அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நன்றாக வளர்ந்த ஒரு செடி ஒரு சீசனில் ஆறு முதல் பத்துப் பூத்தலைகள் தரும். தேன் குடிக்க வருகிற நீண்ட வால் கொண்ட ‘கேப் சுகர்பேர்டு’ என்ற பறவைதான் இந்தக் குடும்பத்தின் முக்கியமான மகரந்தத் தூதர். வண்டுகளும் வரும். தரையை ஒட்டிப் பூக்கிற சில வகைகளுக்கு இரவில் எலிகள்கூட இந்த வேலையைச் செய்கின்றன.

உருவத்திலும் நிறத்திலும் இந்த இனத்தில் அவ்வளவு வகைகள். அதனால்தான் நினைத்த மாதிரி வடிவம் மாறும் கிரேக்கக் கடல் தெய்வமான புரோட்டியஸின் பெயரை இதற்கு வைத்தார் தாவரவியலாளர் லின்னேயஸ்.

பெயருக்குப் பின்னால் கொஞ்சம் அரசியலும் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், வெள்ளையர்கள் மட்டுமே ஆடிய தேசிய அணிகளின் சின்னம் ‘ஸ்பிரிங்பாக்’ மான். 1990-களின் தொடக்கத்தில் அந்த நாடு சர்வதேச விளையாட்டுக்குத் திரும்பியபோது கிரிக்கெட் உட்படப் பல அணிகள் மானை விட்டுவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டன. ரக்பி அணி மட்டும் மானை விடவில்லை. இன்று ரக்பி சட்டையில் மானும் இருக்கிறது, பூவும் இருக்கிறது. 2000-ல் வெளியான புதிய தேசியச் சின்னத்தின் நடுவிலும் புரோட்டியாவுக்கு இடம் கிடைத்தது.

எங்கே வளருகிறது?

ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், கேப் டவுனைச் சுற்றியுள்ள மலைகளிலும் கடலோரச் சமவெளிகளிலும். அங்குள்ள புதர்க்காட்டை ‘ஃபைன்போஸ்’ என்கிறார்கள். மெல்லிய இலைப் புதர் என்று பொருள் வரும் சொல். உலகத்தின் தாவரங்களை ஆறு பெரிய ராஜ்ஜியங்களாகப் பிரித்தால், அதில் ஆகச் சிறியது இந்த கேப் பகுதிதான். பரப்பு சுமார் 90,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் முக்கால் பங்குகூட வராது. அந்தச் சின்ன இடத்துக்குள் சுமார் 9,000 வகைத் தாவரங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 2004-ல் இங்குள்ள காப்பகங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மண் செழிப்பாக இருப்பதால் இவ்வளவு வகைகள் என்று நினைத்தால், அங்கேதான் ட்விஸ்ட். அது படுமோசமான மண். பழங்கால மணற்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து உருவான மணல், சத்தெல்லாம் மழையில் கரைந்து போனது. மழையும் குளிர்காலத்தில்தான், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோடை முழுக்க வறட்சியும் காற்றும்.

சொந்தக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வால்பாறை, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்கள் இதே குடும்பம். அவை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சூப்பர் மார்க்கெட்டில் விலையைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிடுகிற மக்காடமியா பருப்பும் இதே குடும்பம்தான். தென் கண்டங்கள் எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக இருந்த காலத்துக் குடும்பம் என்பதால்தான் சொந்தங்கள் இப்படிக் கடல் தாண்டிச் சிதறிக் கிடக்கின்றன.

உரம் போட்டால் ஏன் சாகிறது?

எங்கள் வீட்டில் ஒரு ரோஜாச் செடி சோர்ந்து நின்றால் அம்மா முதலில் தேடுவது சாப்பாடு. வெங்காயத் தோல், முட்டை ஓடு, மீன் கழுவிய தண்ணி, அதுவும் சரிப்படவில்லை என்றால் கடையிலிருந்து ஒரு பிடி டி.ஏ.பி. புரோட்டியாவுக்கு அந்த ஒரு பிடி டி.ஏ.பி. விஷம்.

காரணம் பாஸ்பரஸ், நம் விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வது. எந்தச் செடிக்கும் அது தேவை, புரோட்டியாவுக்கும் தேவைதான். ஆனால் இந்தச் செடி பரிணமித்த மண்ணில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருப்பதும் இரும்பு, அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இந்தக் குடும்பம் ஒரு தனி வேரையே உருவாக்கிக்கொண்டது. மழைக்காலம் வந்ததும் மண்ணின் மேல்மட்டத்தில், பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி, குட்டி வேர்கள் அடர்த்தியாகக் கொத்துக் கொத்தாக முளைக்கும். ஆங்கிலத்தில் ‘புரோட்டியாய்டு ரூட்ஸ்’, தமிழில் கொத்து வேர்கள் என்று சொல்லலாம். அவை சிட்ரிக் மாதிரியான அமிலங்களை மண்ணுக்குள் விடும். எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கறையை எடுக்கிற டெக்னிக்தான். பாறைத்துகளிலிருந்து பாஸ்பரஸ் கழன்று வரும், வேர் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்களில் அந்தக் கொத்து காய்ந்துவிடும், அடுத்தது முளைக்கும்.

பல பயிர்களுக்கு, ‘போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு’ என்று வேரை நிறுத்தச் சொல்லும் ஒரு ஏற்பாடு உண்டு. மண்ணில் பாஸ்பரஸ் கூடினால் உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புரோட்டியா குடும்பத்தின் பல வகைகளிடம் அந்த பிரேக் மிகவும் பலவீனம். பஞ்சத்திலேயே வளர்ந்த குடும்பத்துக்கு ‘போதும்’ என்று சொல்லும் அவசியம் வந்ததில்லை. எனவே டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள், கோழி எரு என்று எதைப் போட்டாலும் கிடைத்ததையெல்லாம் இலை வரை இழுத்துக்கொண்டு போகும். இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பூக்கும், நுனி கருகும், அப்புறம் செடியே காய்ந்துவிடும்.

அதைப் பார்த்து, ‘ஐயோ, சத்து பத்தலை போல’ என்று வளர்ப்பவர் இன்னொரு பிடி போடுவார். கதை முடிந்தது.

அப்போ உரமே கூடாதா? அப்படியும் இல்லை. பாஸ்பரஸ் மிகமிகக் குறைவாக உள்ள, மெதுவாகக் கரையும் உரத்தைப் பண்ணைகளில் அளந்து கொடுக்கிறார்கள். அதற்கு முன் மண் பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே காய்கறி போட்டு வருடக்கணக்கில் உரம் ஏறிய நிலம் என்றால், புரோட்டியாவுக்கு வேறு இடம் பார்ப்பதே நல்லது. மண்ணில் சேர்ந்துவிட்ட பாஸ்பரஸ் சீக்கிரத்தில் போகாது.

சரி, எப்படித்தான் வளர்ப்பது?

தென்னாப்பிரிக்கத் தோட்டக்காரர்கள் பார்க்கும் முதல் விஷயம் வடிகால். ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் அது தேங்காமல் இறங்க வேண்டும். சரிவான நிலம், மணற்பாங்கான மண், லேசான புளிப்புத்தன்மை. களிமண்ணும் சுண்ணாம்பு மண்ணும் பெரும்பாலான வகைகளுக்கு ஆகாது. (சுண்ணாம்புப் பாறையிலேயே வளர்கிற ஒன்றிரண்டு வகைகள் உண்டு. விதிவிலக்கு இல்லாத விதி தாவரவியலில் கிடையாது.) நாள் முழுக்க வெயில் வேண்டும். காற்றும் வேண்டும். செடியைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டால் இலையில் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும்.

வடிகால் இல்லாவிட்டால் வருவது ஃபைட்டோப்தோரா வேரழுகல். இந்தப் பெயர் நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயிகளுக்குப் புதிதல்ல, பின்கருகல் நோயைக் கொண்டுவருவதும் இதே இனத்தைச் சேர்ந்த கிருமிதான். நேற்று வரை பச்சையாக நின்ற செடி, கோடையில் ஒரு வாரத்தில் அப்படியே வாடி நிற்கும். அதன் பிறகு காப்பாற்றுவது கடினம்.

நட்ட பிறகு கொத்திவிடவே கூடாது. மண்ணைக் கிளறிவிட்டால் வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும் என்று நாம் கற்றது இங்கே செல்லாது. கொத்து வேர்கள் மேல்மண்ணிலேயே இருப்பதால் ஒரு மண்வெட்டி வீச்சில் சாப்பாட்டு மேஜையே போய்விடும். களையைக் கையால் பிடுங்க வேண்டும் அல்லது தரைமட்டத்தில் வெட்ட வேண்டும். மேலே காய்ந்த இலை, மரப்பட்டையால் மூடாக்கு போட்டு விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு ஒழுங்காகத் தண்ணீர் தேவை. வேர் பிடித்த பிறகு வறட்சியை நன்றாகவே தாங்கும்.

கவாத்து உண்டு. பூ முடிந்ததும் வெட்ட வேண்டும், ஆனால் பச்சை இலை உள்ள தண்டில் ஒரு பகுதியை விட்டு வெட்ட வேண்டும். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் பல வகைகள் திரும்பத் துளிர்க்காது.

விதையிலிருந்து வளர்த்தால் பூவைப் பார்க்க நான்கைந்து வருடங்கள் ஆகலாம். விதைப்பது இலையுதிர் காலத்தில், அங்கே அது மார்ச், ஏப்ரல். பகலில் வெதுவெதுப்பு, ராத்திரியில் குளிர் என்ற வித்தியாசம்தான் முளைக்கும் சிக்னல். பண்ணைகள் விதைக்குக் காத்திருப்பதில்லை, வேர் ஊக்கி தடவிய தண்டுத் துண்டுகளை நட்டு வளர்க்கின்றன. அப்போதுதான் எல்லாச் செடியிலும் ஒரே நிறம், ஒரே அளவில் பூ வரும்.

தீ எதற்கு?

ஃபைன்போஸ் பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எரியும். எரிய வேண்டும். எரியாமலே விட்டால் செடிகள் முதிர்ந்து, விதை அடியிலேயே வீணாகிப் புதர் நோஞ்சானாகும்.

இதற்கு இரண்டு விதமாகத் தயாராகியிருக்கிறது புரோட்டியா. கிங் புரோட்டியாவுக்கு மண்ணுக்கு அடியில் தடித்த கட்டை ஒன்று உண்டு. மேலே எல்லாம் கரியானாலும் அதிலுள்ள உறங்கும் மொட்டுகள் துளிர்க்கும். ‘சுகர்புஷ்’ என்ற இன்னொரு வகை வேறு ரூட். அதன் தேனை அந்தக் காலத்தில் காய்ச்சி இருமல் மருந்தாகக் குடித்திருக்கிறார்கள். தீயில் அந்தச் செடி செத்துவிடும். ஆனால் காய்ந்த பூத்தலைக்குள் வருடக்கணக்கில் மூடி வைத்திருந்த விதைகள், தாய்ச்செடி எரிந்த பிறகுதான் திறந்து விழும். போட்டிக்கு ஆள் இல்லாத, சாம்பல் பூசிய வெட்டவெளி. அடுத்து குளிர்கால மழை.

விதை முளைக்கத் தூண்டுவது வெப்பம் மட்டும்தானா? தீயின் புகையே பல ஃபைன்போஸ் விதைகளை எழுப்புகிறது என்பதை 1990-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புகைக்குள் இருக்கும் எந்த ரசாயனம் அதைச் செய்கிறது என்பதை 2004-ல் ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடித்தார்கள். கேப் டவுனில் 1913 முதல் இருக்கும் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா, புகையேற்றிய காகிதத்தையே தயாரித்தது. தண்ணீரில் ஊறவைத்து, அதில் விதையைப் போட்டால் போதும். பாக்கெட்டில் அடைத்த காட்டுத்தீ!

ஆனால் கணக்கு தப்பினால் இதே தீ எமன். சுகர்புஷ் மாதிரி விதையை மட்டுமே நம்பிய செடி, வளர்ந்து பூத்து விதை சேர்க்கச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால் அந்தச் சரிவில் அந்த வகை அவ்வளவுதான். மனிதர்கள் நெருங்க நெருங்கத் தவறிய தீக்குச்சிகள் அதிகம். இன்னொரு பக்கம், நகரத்தை ஒட்டிய மலையில் எரியவிடவும் முடியாது. 2021 ஏப்ரலில் டேபிள் மவுன்டன் சரிவில் பிடித்த தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பறையை எரித்து, ஆப்பிரிக்க ஆய்வுச் சேகரிப்பின் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. அந்த ஊர்க்காரரிடம் போய், ‘தீ நல்லது’ என்று சொல்லிப் பாருங்கள்.

எரிந்த பிறகான வானிலையும் இப்போது ஒத்துழைப்பதில்லை. நன்னம்பிக்கை முனைக் காப்பகத்தில் 1966 முதல் அதே இடங்களில் திரும்பத் திரும்பச் செடிகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. தீக்குப் பிந்தைய முதல் கோடையில் வெப்பமான வறண்ட நாட்கள் நீளும்போது வகைகள் குறைகின்றன என்றது அது. முளைத்த குட்டிச் செடி தாங்குவதில்லை.

பண்ணையில் வளர்த்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது. ஒரு காலத்தில் சந்தைக்கு வந்த பூ பெரும்பாலும் மலையிலிருந்து வெட்டியதுதான். பூவை வெட்டினால் அடுத்த தீக்குப் பிறகு முளைக்க வேண்டிய விதையையும் சேர்த்தே வெட்டுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இவற்றை முறையாகப் பயிரிடுவதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் மேரி வோக்ட்ஸ். கிங் புரோட்டியா இடத்துக்கு இடம் வேறு வேறு மாதங்களில் பூக்கிறது, அளவும் நிறமும் மாறுகிறது என்பதைக் காட்டில் அலைந்து பதிவு செய்தவர் அவர். இன்று ‘பிங்க் ஐஸ்’ மாதிரியான கலப்பினங்கள் ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஹவாய் வரை பயிராகின்றன.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பண்ணைக்குத் தேவையான ஒவ்வொரு புதிய குணமும், அது நோய் எதிர்ப்போ, பூக்கும் மாதமோ, நிறமோ, மலையில் எங்கோ நிற்கும் செடியிலிருந்துதான் வர வேண்டும். அந்த மலை சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2020 இறுதியில் ஐ.யு.சி.என். வெளியிட்ட மதிப்பீட்டில், உலகம் முழுக்க ஆராயப்பட்ட 1,464 புரோட்டியா குடும்ப வகைகளில் 637 அழியும் ஆபத்தில் உள்ளவை. கிட்டத்தட்ட பாதி.

விவசாய நிலமும் வீடுகளும் ஒரு காரணம் என்றால், அந்நிய மரங்கள் இன்னொன்று. பைன், ஆஸ்திரேலிய வாட்டில், ஹாக்கியா எல்லாம் வேகமாக வளர்ந்து, தண்ணீரைக் குடித்து, தீயை இன்னும் உக்கிரமாக்குகின்றன. வாட்டில் என்றால் யாரோ இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அதே சீகை மரம்தான். ஹாக்கியாவோ புரோட்டியாவுக்குச் சொந்தக்காரன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பங்காளி. இவற்றை வெட்டுவதற்காகவே 1995-ல் ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கி, ஏழை மக்களுக்கு அதில் வேலை கொடுத்தார்கள்.

‘நேட்டிவ் செடிதானே, எங்கே வேணா நடலாமே’ என்பதும் சரியல்ல. ஒரு மலைக்குச் சொந்தமான வகையை இன்னொரு மலையடிவாரத்தில் நட்டால், அங்குள்ள காட்டு வகையோடு கலந்து, அந்த ஊருக்கே உரிய மரபை அழித்துவிடலாம். எந்த வகை எங்கே இருக்கிறது என்ற வரைபடமே ‘புரோட்டியா அட்லஸ்’ திட்டத்தில் 1991 முதல் 2001 வரை தன்னார்வலர்கள் மலை மலையாக ஏறி எழுதிய குறிப்புகளால் உருவானது.

சென்னை மொட்டை மாடியில் வளருமா?

நேராகச் சொன்னால், வளராது. ராத்திரியிலும் குறையாத சூடு, காற்றில் ஈரம், நவம்பரில் தேங்குகிற தண்ணீர் என்று அதற்கு ஆகாத எல்லாமே நம்மிடம் இருக்கிறது. ஆன்லைனில் ‘கிங் புரோட்டியா விதை’ என்று நான் வாங்கிய பாக்கெட்டிலிருந்து இரண்டு மாதம் கழித்து முளைத்தது ஒரு கீரை. அதையும் அம்மா கடைந்துவிட்டார். குளிரான மலைப்பகுதியில் முயலலாம், ஆனால் கோடையில் கொட்டும் பருவமழை இந்தச் செடியின் காலண்டருக்கு நேர் எதிர். மேலும், நம் மலைகளுக்கு வாட்டிலை அலங்கரித்துக் கூட்டிவந்த அனுபவம் ஒன்றே போதும்.

இறக்குமதிப் பூ விற்கும் கடைகளில் கல்யாண பொக்கே, ஈவென்ட் அலங்காரத்துக்கு இது கிடைத்தால் வாங்கலாம். ஓரிரு நாளில் இலை கறுத்தால், கடைக்காரர் பழைய பூவைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வெட்டிய பிறகும் தேன் சுரக்க இலையிலுள்ள சர்க்கரையைப் பூ இழுத்துக்கொள்வதால் வருவது அந்தக் கறுப்பு. வெளிச்சமான இடத்தில் வையுங்கள், தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை சேருங்கள், கறுத்த இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பூ முடிந்ததும் குப்பையில் போட வேண்டாம். தண்ணீரை ஊற்றிவிட்டு ஜாடியில் அப்படியே விட்டால் காய்ந்து, நிறம் மங்கி, மாதக்கணக்கில் அதே உருவத்தில் நிற்கும்.